கல்லு வச்ச பழமும் ஒரு வாயுவின் கதையும்

"பழம் சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்லீங்க சார். எல்லாம் கல்லு வச்சுப் பழுக்க வைக்கிறதாமே. பயந்துகிட்டு நிறுத்திட்டேன்."

புறநோயாளிகள் பிரிவில் வாரத்துக்கு நாலு பேராவது இப்படிச் சொல்றாங்க. இதில் அந்த அம்மா ஏழு மாத கர்ப்பிணி. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

1/ காயைச் செயற்கையா பழுக்க வைப்பது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்லை. பண்டைய எகிப்தில் அத்திக்காயைக் கத்தியால் கீறிவிட்டுப் பழுக்க வைத்தார்கள். நம்ம ஊரில் வாழைத்தாருக்கு மூட்டம் போட்டோம், மாங்காயை வைக்கோலில் புதைத்தோம். பழுத்தது தெரியும். ஏன் பழுத்ததுன்னு தெரியாது.

2/ 1901, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். நெல்யுபோவ் என்பவரின் ஆய்வகத்தில் பட்டாணிச் செடிகள் நிமிர்ந்து வளராமல் படுத்தே வளர்ந்தன. வெளிக்காற்றில் வைத்தால் நேராக வளர்ந்தன. காரணம், விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன்.

3/ அடுத்து அமெரிக்காவின் கலிஃபோர்னியா. பச்சை எலுமிச்சையை மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறையில் வைத்து மஞ்சளாக்கினார்கள். சூடுதான் காரணம்னு எல்லாரும் நினைத்தார்கள். சூடு இல்லை, புகையில் உள்ள எத்திலீன் என்று 1924ல் டென்னி காட்டினார்.

4/ 1934ல் இங்கிலாந்தில் கேன் நிரூபித்ததுதான் பெரிய திருப்பம். பழுக்கும் ஆப்பிளே எத்திலீனை வெளியிடுகிறது! அதாவது அது பழத்தின் சொந்த ஹார்மோன். நம்ம பாட்டி மாங்காயை அரிசிப் பானைக்குள் வைத்ததும் இதே அறிவியல்தான். வாயு வெளியே போகாமல் உள்ளேயே நிற்கும்.

5/ அப்போ கார்பைட் கல்? ஈரம் பட்டால் அது அசிட்டிலீன் வாயுவை விடும். எத்திலீன் வேலையை அரைகுறையா செய்யும். தோல் மஞ்சளாகும், உள்ளே காயாவே இருக்கும். தொழிற்சாலைக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும். அதனால்தான் நம் நாட்டில் தடை. 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலும் அந்தத் தடை உண்டு. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் வரை அனுமதி உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

6/ சரி, கடையில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

• மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, தக்காளி: பறித்த பிறகும் பழுக்கும். கொஞ்சம் காயா வாங்கி வீட்டில் பழுக்க வைக்கலாம்.

• திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி: பறித்த பின் பழுக்காது. கடையில் நல்லா இருப்பதைத்தான் எடுக்கணும்.

• மாம்பழத்தின் நிறத்தை நம்பாதீங்க, காம்புப் பக்கம் மோந்து பாருங்க. தகதகன்னு மஞ்சள், ஆனா கல்லு மாதிரி கெட்டி, வாசனையே இல்லைன்னா வேண்டாம். சீசனுக்கு முன்னாடி வருவதையும் தவிர்த்துடுங்க.

• வாழைப்பழத் தோலில் கரும்புள்ளி இருந்தால் அழுகல் இல்லை, நல்லா கனிந்திருக்கு. சர்க்கரை உள்ளவங்க அளவு பார்த்துக்கோங்க.

• எதுவானாலும் ஓடும் தண்ணீரில் கழுவுங்க.

7/ அந்த அம்மாகிட்ட கடைசியா சொன்னது இதுதான்: "கொய்யா வாங்குங்க. விலையும் கம்மி, வைட்டமின் சியும் ஜாஸ்தி. இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவும்."

கல்லுக்குப் பயப்படலாம். பழத்துக்குப் பயப்படாதீங்க.