பழுது பார்க்கக் கொடுத்த போன் பாழானால்

சென்னையில் போன் கெட்டுப்போனால் பெரும்பாலோர் போகிற இடம் இரண்டு. ஒன்று, அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும். மற்றது, போன் தயாரித்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். எங்கே செலவு குறைவு, எங்கே ஒரிஜினல் பாகம் போடுவார்கள் என்று வீட்டுக்கு வீடு விவாதிக்கிறோம். சரிசெய்யக் கொடுத்த போன் அவர்கள் கையிலேயே பாழானால் யாரிடமிருந்து நியாயம் வாங்க முடியும் என்பதை மட்டும் முன்கூட்டி யோசிப்பதில்லை. அந்தக் கேள்வியை வைத்தே இரண்டையும் ஒப்பிட விரும்புகிறேன்.

சேதம் எப்படி நேர்கிறது என்று தெரிந்தால்தான் மறுப்பு எப்படி வரும் என்பது புரியும். இப்போதைய போன்களின் திரை பசையால் ஒட்டப்பட்டது. சூடு காட்டி, பசையை இளக்கி, மெல்லிய தகட்டை இடுக்கில் விட்டு நெம்பித்தான் திறக்க வேண்டும். தகடு ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் அடியில் ஓடும் ஃபிளெக்ஸ் கேபிள் அறுந்துவிடும். ஐபோனில் ஃபேஸ் ஐடிக்கான பாகங்கள் அந்தந்த போர்டோடு இணை சேர்க்கப்பட்டவை. அவை கெட்டால் இன்னொரு போனிலிருந்து வெறுமனே எடுத்து மாட்டினால் வேலை செய்யாது. உள்ளே இருக்கும் ஸ்குரூக்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. நீள ஸ்குரூவைக் குட்டை ஸ்குரூவின் குழியில் முறுக்கினால் அது போர்டைத் துளைத்து, உள்ளடுக்குகளில் ஓடும் தடங்களை அறுத்துவிடும். இந்தச் சேதம் வெளியே தெரியாது. மூடிக் கையில் கொடுத்த பிறகுதான் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று தெரியவரும்.

ரிச்சி தெருக் கடைக்காரர் போர்டிலேயே வேலை செய்கிறார். மைக்ரோஸ்கோப்பின் கீழே, ஹாட் ஏர் கன்னால் ஒரு ஐசியை மட்டும் எடுத்துவிட்டு வேறு போடுவார். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். பல ஆயிரம் ரூபாய் போர்டைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றுவது அதுதான். ஆனால் அதே சூடு பக்கத்து ஐசியின் ஈயத்தை இளக்கினால் போன் 'டெட்'. சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் இந்த வேலையே கிடையாது. போர்டை முழுதாக மாற்றிவிடுவார்கள். அதனால் அங்கே அடிக்கடி பறிபோவது நம் படங்களும் தொடர்பு எண்களும்தான். கடையில் பொருள் போகும், சென்டரில் அதற்குள் இருந்தது போகும். இரண்டாவது இழப்புக்கு விலை சொல்ல ஆளில்லை. அதனாலேயே அதைப் பற்றி வாதாடுவதும் கடினமாகிவிடுகிறது.

கடையில் வரும் முதல் பதில் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "சார், இதுல ஏற்கெனவே தண்ணி போயிருக்கு. நாங்க தொடுறதுக்கு முன்னாடியே போர்டு வீக்." அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் போனைக் கொடுத்தபோது எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அங்கே சாட்சி எதுவும் இல்லை. போன் முதுகில் ஒட்டிய டேப்பில் நம் பெயரும் 'டிஸ்ப்ளே' என்ற ஒரு சொல்லும் இருக்கும், அவ்வளவுதான். சென்டரில் நிலைமை நேர் எதிர். ஐஎம்இஐ எண், சொன்ன பழுது, மேலே இருந்த கீறல்கள் எல்லாம் ஜாப் ஷீட்டில் ஏறுகின்றன. கூடவே, டேட்டா அழிந்தால் பொறுப்பில்லை, ஈரம் பட்ட போன் திறக்கும்போது நின்றுபோனால் பொறுப்பில்லை என்று பொடி ஆங்கில எழுத்தில் நிபந்தனைகள். அதன் கீழே நம் கையெழுத்து. பிறகு கேட்கப் போனால், "மேடம், நீங்க சைன் பண்ணியிருக்கீங்களே" என்கிறார்கள்.

இந்த இடத்தில் பலர் மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள். தளர வேண்டியதில்லை. தெருக் கடை, கம்பெனி சென்டர் என்ற பாகுபாடு சட்டத்துக்கு இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளை ஒரு நோக்கத்துக்காகக் கையில் வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் கவனிப்பதைப் போல அதைக் கவனிக்க வேண்டும் என்று 151ஆம் பிரிவில் சொல்கிறது. டெல்லி தாஜ் மஹால் ஓட்டலில் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில் 2019 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 'உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்துவிட்டு ஓட்டல் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது. கவனமாக இருந்தோம் என்று காட்டும் சுமையும் பொருளை வாங்கி வைத்திருந்தவர் மேலேயே விழுந்தது. கார் வழக்குதான். ஆனாலும் போனைக் கொடுத்துவிட்டு வருவதும் அதே வகை ஒப்படைப்புதான் என்பது என் வாசிப்பு. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பாரதி நிட்டிங் கம்பெனி தொடுத்த கூரியர் வழக்கில், கையெழுத்திட்ட சீட்டில் இருந்த இழப்பீட்டு வரம்பை அதே நீதிமன்றம் 1996இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே கையெழுத்துக்கு எடை உண்டு, ஆனால் வழக்கு அதோடு முடிந்துவிடுவதில்லை.

பேசித் தீர்ப்பதென்றால் தெருதான் மேல் என்று தயங்காமல் சொல்வேன். முதலாளி கல்லாவிலேயே உட்கார்ந்திருப்பார். குரல் உயர்ந்தால் அடுத்த வாடிக்கையாளர் கேட்பார் என்பது அவருக்குத் தெரியும். "டிஸ்ப்ளே காசு மட்டும் குடுங்க சார், லேபர் வேணாம்" என்று அன்று மாலைக்குள் ஒரு வழிக்கு வந்துவிடலாம். சென்டரில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பிள்ளை. ஒரு ரூபாய் தள்ளுபடி தரக்கூட அவருக்கு அதிகாரம் கிடையாது. அவரிடம் கத்துவது அநியாயம், பயனும் இல்லை. பல சென்டர்களை நடத்துவது வேறொரு நிறுவனம், பலகையில் இருக்கும் பெயர் மட்டும் பிராண்டுடையது. ஆகவே புகார் எழுதினால் இரு தரப்பையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வழக்கு என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போனால் போதும். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் முறையிட்டும் பார்க்கலாம். சென்டருக்கு முகவரி, ஜாப் ஷீட், மின்னஞ்சல் தடம் எல்லாம் இருப்பதால் நோட்டீஸ் போய்ச் சேரும். உள்வாடகைக்குப் பிடித்த ஒரு மேசையில் நடக்கும் தெருக் கடைக்கு நோட்டீஸ் அனுப்ப முதலில் அது யாருடைய கடை என்று நிரூபிக்க வேண்டும். பில் கொடுக்காமல் விடுவதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது இதே சட்டம். அந்த வரி தெருவுக்குள் இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரு பில் புத்தகத்தின் விலையில் இந்தக் குறையைத் தீர்த்துவிடலாம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அதுவரை வாடிக்கையாளர்தான் ஆவணத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். போனைக் கொடுப்பதற்கு முன் கடை வாசலிலேயே திரை, கேமரா, ஸ்பீக்கர், முகம் காட்டித் திறப்பது எல்லாம் வேலை செய்வதை வீட்டார் போனில் வீடியோ எடுத்து, கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிடலாம். நாளும் நேரமும் தானாகவே பதிந்துவிடும். பணத்தை யுபிஐயில் கொடுத்தால், பில் இல்லாத கடைக்கும் ஒரு பெயர் கிடைக்கும். சென்டரிலானால், எது எது வேலை செய்கிறது என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லிவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். படங்களை வேறெங்காவது பிரதி எடுத்து வைக்காமல் இரண்டு இடத்துக்கும் போகவே கூடாது.

சேதம் நேர்ந்துவிட்டால், ஆத்திரத்தில் அடுத்த கடைக்கு ஓடிப் போனைத் திறக்கச் சொல்வதுதான் பெரிய இழப்பு. இரண்டாவது கை பட்டதும் முதல் கடைக்காரருக்குச் சாக்குக் கிடைத்துவிடும். நடந்ததை எழுதி, வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அவருக்கு அனுப்பிய பிறகே இன்னொருவரிடம் காட்ட வேண்டும். போர்டில் இருப்பது பழைய ஈரத்தின் துருவா, புதிதாகப் பட்ட சூட்டின் தடமா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லக்கூடிய கைகள் ரிச்சி தெருவில்தான் அதிகம். சென்டர் கெடுத்த போனுக்கும் அவர்களின் கருத்து உதவும். ஆனால் பக்கத்துக் கடைக்காரருக்கு எதிராக எழுதித் தர அவர்கள் தயங்குவது இயல்பு. அப்படியானால் வேறு வட்டாரத்தில் போர்டு வேலை தெரிந்த ஒருவரிடம், கூலி கொடுத்து, கடையின் பெயர் அச்சடித்த தாளில், போர்டின் படங்களோடு வாங்கிக்கொள்வது நல்லது.