ஊதியம் பெறாத கைகள் தாங்கிய இசை நாடகம்

திருக்கோயில் இருந்த இடமெல்லாம் கூத்தும் இருந்தது என்பது நம்மவர் அனைவரும் அறிந்த செய்தியே. ஆயினும் அந்தக் கூத்தைத் தாங்கி நின்றவர் யாவர் என்னும் வினா அதிகம் எழுப்பப்படுவதில்லை. அரசன் வேடம் கட்டியவர் பெயரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. விடியவிடியப் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடித்தவர், திரைச்சேலையைப் பிடித்து நின்றவர், பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பின்னாலிருந்து அடியெடுத்துக் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் எந்த நோட்டீசிலும் ஏறியதில்லை. இசை நாடகத்தின் வரலாற்றை இவர்கள் பக்கம் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் வட்டாரத்திலிருந்தே தொடங்கலாம். மலாக்காவில் 1896ஆம் ஆண்டு தான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் நடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுவே என்பர். அடுத்து அவர் கவனம் ஜாசின் மாவட்டத்து அசகான் பக்கம் திரும்பியது. செலண்டாரிலிருந்து நியாலாஸ் வழியாகச் செல்லும் சாலையில் நாம் இன்றும் கடந்து செல்லும் இடந்தான் அது. பால்மரம் பெருகப் பெருகத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். வந்தவர்கள் குலதெய்வத்தை மட்டுமன்றித் தம் ஊர்க் கூத்தையும் உடன் கொண்டுவந்தனர்.

மாசி மாதம் வளர்பிறையில் காமன் கம்பம் நட்டு, பௌர்ணமியில் காமதகனம் நடத்துவது தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மற்றொரு கட்சியும் லாவணி பாடி வாதிடும். அதிகாலையில் பால்வெட்டுக்குப் புறப்பட வேண்டியவர்கள் முன்னிரவில் லயத்து முற்றத்தில் ஒத்திகை பார்த்தார்கள். ரதி வேடத்துக்குச் சேலை எவர் வீட்டிலிருந்தோ வந்தது. கிரீடத்துக்கு அட்டையும் சிகரெட்டு டப்பாவின் ஈயத்தாளும் போதுமானவையாக இருந்தன. கூலி வாங்கி ஆடியவர் எவருமிலர். வசூலானது வெற்றிலை பாக்குக்கும் எண்ணெய்க்குமே சரியாகப் போயிற்று.

இதே மண்ணில், இதே காலத்தில், டிக்கெட்டை நம்பி வாழ்ந்த இசை நாடகமும் இருந்தது. பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் 1870களில் பினாங்குக்கு வந்து ஆடின. அவற்றைப் பார்த்து, 1885இல் மாமாக் பூசி என்பவர் பூசி இந்திரா பங்சாவான் என்ற குழுவை அங்கு நிறுவினார். மலாய் இசை நாடகமாகிய பங்சாவான் இவ்வாறு பிறந்து, ஊரூராகப் பரவிப் பெரும்புகழ் ஈட்டியது. தமிழகத்திலும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் கட்டணத்தையே நம்பியிருந்தன. 1931இல் ‘காளிதாஸ்’ பேசும்படம் வந்தது. அதன்பின் நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமாக் கொட்டகைகளாயின. நல்ல நடிகரும் பாடகரும் படத்துறைக்குச் சென்றுவிட்டனர். பங்சாவானும் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அதே கதிக்கு உள்ளாயிற்று.

டிக்கெட்டை நம்பாத நாடகங்களும் எல்லா இடத்திலும் தப்பிப் பிழைத்துவிடவில்லை. அவ்வாறு பிழைத்தது எங்கே, எதனால் என்று பார்க்க, தஞ்சை மாவட்டம் பாபநாசம் வட்டத்திலுள்ள மெலட்டூருக்குச் செல்ல வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர், தெலுங்கு பேசும் அந்தணக் குடும்பங்களை இவ்வூரில் குடியமர்த்தினார். குடும்பங்கள் ஐந்நூற்றுப் பத்து என்றும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடும் கிணறும் வழங்கப்பட்டன என்றும் செவிவழிச் செய்தி கூறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த வேங்கடராம சாஸ்திரியார், தியாகராஜ சுவாமிகளுக்கு மூத்த சமகாலத்தவர். அவர் பிரகலாத சரித்திரம், மார்க்கண்டேயர், அரிச்சந்திரன், உஷா பரிணயம் முதலிய இசை நாடகங்களைத் தெலுங்கில் இயற்றினார். பாகவத மேளா எனப் பெயர் பெற்ற இந்நாடகங்கள், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வரதராசப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே இரவு முழுவதும் நடைபெறுகின்றன. பார்ப்போர் தமிழர், பாட்டோ தெலுங்கு. எனினும் பிரகலாதன் கதை தெரியாதவர் யார்?

1855இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுற்றது. அரண்மனை ஆதரவும் அத்துடன் முடிந்தது. அடுத்து யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தபோது, பொறுப்பு ஊரின் தலையில் விழுந்தது. ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர் ஆகிய ஊர்களிலும் இதே மேளா ஒரு காலத்தில் நடந்ததுண்டு. அங்கெல்லாம் அது நின்றுபோயிற்று. மெலட்டூரிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தளர்ந்து சில ஆண்டுகள் தடைப்பட்டு, 1930களின் பிற்பகுதியில் ஊரார் ஒரு சங்கம் அமைத்தபின் மீண்டும் உயிர் பெற்றது. வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் (1897-1968) இதனைப் பற்றிப் பேசியும் எழுதியும் வெளியுலகின் கவனத்தை இவ்வூர்ப் பக்கம் திருப்பினார்.

இங்கு ஆடுவோர் எவரும் தொழில்முறை நடிகரல்லர். வங்கியிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோர், பொறியாளர்கள் எனப் பலரும் நகரங்களில் வாழ்ந்தாலும், ஆண்டுக்கொரு முறை ஊர் திரும்பித் தத்தம் குடும்பத்துக்கு உரிய வேடத்தைக் கட்டுகின்றனர். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்கின்றனர். பார்ப்போருக்குக் கட்டணமில்லை. அரசுப் பணியில் இருப்போர் விடுப்பு விண்ணப்பத்தின் அருமையை நன்கறிவர். ஆண்டு விடுப்பை வேறெதற்கும் செலவிடாமல் இதற்கென்றே சேர்த்து வைப்பது சிறிய செயலன்று.

நாடகம் தொடங்கியதும் முதலில் கோணங்கி தோன்றுவான். பின்னர் விநாயகர் வருவார். யானைமுகம் அணிந்து வரும் அந்த விநாயகர் பெரும்பாலும் சிறுவன் ஒருவன்தான். பெற்றோரின் வேண்டுதலாகவும் இவ்வேடம் கட்டப்படுகிறது. மேடையேறும் அச்சம் முகமூடிக்குள் மறைந்துவிடுவதால், ஏழெட்டு வயதுப் பிள்ளை இவ்வழியே எளிதாகக் கலைக்குள் நுழைகிறான். பின்னர் பிரகலாதன், வளர்ந்தபின் லீலாவதி அல்லது இரணியன் என்று அவன் படியேற இயலும். அடுத்த தலைமுறையைச் சேர்க்க எந்தக் குழுவும் இதனினும் நல்ல ஏற்பாட்டைக் கண்டதாக நான் கருதவில்லை.

விடியலில் தூணிலிருந்து நரசிம்மர் வெளிப்படுவார். அவருக்குரிய முகமூடி கோயிலில் வைத்துப் பூசிக்கப்படுவது. அதை அணிபவர் அன்று உண்ணா நோன்பிருப்பார். அணிந்தவுடன் ஆவேசம் மேலிட்டு இரணியன்மீது பாயும் அவரைச் சிலர் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். வதம் மேடையில் காட்டப்படுவதில்லை. பாடலும் தீபாராதனையுமாக இறைவனின் சினம் தணிக்கப்படுகிறது. நாடகத்தின் உச்சமே அந்தப் பிடித்துக்கொள்ளும் கைகளால்தான் நடந்தேறுகிறது. அவர்களுக்கு வேடமும் இல்லை, வசனமும் இல்லை.

குறையே இல்லாத ஏற்பாடு இது என்று சொல்வதற்கில்லை. வேடங்கள் சில குடும்பங்களின் ஆண்களுக்குள்ளேயே தங்கிவிட்டன. 1960களுக்குப் பின் ஊரில் இரண்டு குழுக்கள் உருவாகித் தனித்தனியே விழா நடத்துமளவுக்குக் கருத்து வேற்றுமையும் வளர்ந்தது. ஆலய நிர்வாகங்களில் பழகியவர்களுக்கு இதில் வியப்பிராது. ஆனால் பிணக்கிலும் ஒரு நன்மை விளைந்தது: எந்தக் குழுவும் நாடகத்தை நிறுத்தத் துணியவில்லை.

கிராமத்துப் பழம்பெருமை இருந்தால்தான் இது இயலும் என்று எண்ணுவோர், சென்னைச் சுகுண விலாச சபையை நோக்கலாம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய இச்சபையில் வழக்கறிஞர்களும் படித்த பிற தொழிலினரும் ஊதியமின்றி நடித்தனர். ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல்லாக வழங்கிய காலம் அது. முதலியாரே 1924இல் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தவர். அவர் அரிதாரம் பூசியதைக் கண்டபின் பலரின் வாய் அடைத்தது.

நம் தோட்டத்துக் கூத்துக்கு வருவோம். சினிமாவே அதைக் கொன்றது என்பது பொதுவான கருத்து. நான் அதனை முழுமையாக ஏற்பதற்கில்லை. திறந்தவெளியில் படம் காட்டப்பட்ட தோட்டங்களில் மறுமாதம் காமன் கூத்தும் நடந்தது. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து ஆள்தேவை குறைந்தபோதும், நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோதும் லயங்கள் காலியாயின. ரதியாக ஆடியவர் ஓர் ஊருக்கும், டேப்பு அடித்தவர் மற்றோர் ஊருக்கும், அடியெடுத்துக் கொடுத்தவர் பட்டணத்துக்கும் போனபின் கூத்து யாரை வைத்து நடக்கும்? மெலட்டூராரும் இவ்வாறே சிதறியவர்கள்தாம். ஆயினும் அவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு நாளும், ஒரு சந்நிதியும், பெயர் குறித்த ஒரு வேலையும் காத்திருந்தன. நம்மவர்க்கு முதலிரண்டும் இன்றும் உள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் திருவிழாவுக்கு வந்து, காவடி கண்டு, அன்னதானத்தில் உண்டு, மறுநாள் திரும்பிவிடுகின்றனர். செய்வதற்கென்று எவரும் அவர்களிடம் ஒன்றையும் ஒப்படைப்பதில்லை.

லாவணிப் பாட்டுகளை மனப்பாடமாக அறிந்தோர் இப்போது எழுபது வயதைக் கடந்தவர்கள். சில வீடுகளில் கையால் எழுதிய பாட்டு நோட்டுப் புத்தகங்கள் தகரப் பெட்டியில் கிடக்கக்கூடும். கரையானுக்கும் ஈரத்துக்கும் அவை நெடுநாள் தாங்கா. வைத்திருப்போர் அவற்றைப் படியெடுத்துக்கொள்ள ஆலயத்தில் தந்து, படியெடுத்தவுடன் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். எழுதப் படிக்க இயலாத முதியோரைப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பாடவைத்துப் பதிவு செய்வதும் நன்று. அப்போது எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதோடு, வேடம் கட்டியவர் பெயரையும் விளக்குப் பிடித்தவர் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்வது தேவை.