புறத்தேர்வாளர் பிறந்த கதை

“மேம், எக்ஸ்டெர்னல் யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். அவரோட புஸ்தகத்தை நாலு எடத்துல மேற்கோள் போட்டு முடிச்சிருவேன்.”

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் அறை எடுத்துத் தங்கி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள். மூன்றாம் இயலை என் மேசையில் வைத்துவிட்டு, சொட்டுகிற குடையை எங்கே சாய்ப்பது என்று தெரியாமல் நின்றாள். மேல்மலைப் பூண்டு விவசாயத்தில் பெண்களின் உழைப்பு, இதுதான் தலைப்பு. பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் பஸ்ஸில் போய்வந்து, காட்டில் வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதியது. புரட்டினேன். நாலாவது பக்கத்தில், பூண்டை மேலே கட்டிய பிறகு பெண்களுக்கு வேலை குறைகிறது என்று ஒரு வரி.

“மேலே கட்டுறதுன்னா?”

“அதான் மேம், மேல கட்டுறது. பூம்பாறையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

“பூம்பாறைக்காரங்களா ஒன் வைவாவுக்கு வர்றாங்க?”

சிரித்துவிட்டாள். அவள் பேர் தெரிந்துகொள்ளத் துடித்த ஆளைத்தான் அந்த வரியில் மறந்துபோயிருந்தாள். ஸ்காலர்கள் எல்லோரும் இப்படித்தான். தேர்வாளரை நினைத்துப் பயப்படுவார்கள், எழுதும்போது அவர் நினைவே வராது. ஏடு முடிந்த பிறகு மேலிருந்து வந்து குதிக்கிற ஒரு பூதம் என்று அவரை நினைத்துக்கொள்கிறார்கள். கதை அப்படியில்லை. ஆய்வேட்டைவிட அவருக்கு வயது அதிகம்.

நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். இறையனார் களவியலுக்கு உரை வந்த கதையை அந்த உரையே சொல்கிறது. சங்கப் புலவர் நாற்பத்தொன்பது பேரும் ஆளுக்கோர் உரை எழுதிவிட்டு, என்னுடையதுதான் சரி என்று நின்றார்கள். தீர்ப்புச் சொல்ல உருத்திரசன்மனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளை, வாய் பேசாது. ஒவ்வொருவராக வாசித்தார்கள், பிள்ளை சும்மா இருந்தது. மருதனிளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் மெய்சிலிர்த்தது. நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் விட்டது. இதைவிட நேர்மையான புறத்தேர்வாளர் அறிக்கையை நான் பார்த்ததில்லை. அதற்கு நேர் எதிர் கம்பன் கதை. ராமாயணத்தை அரங்கேற்ற, தில்லைத் தீட்சிதர்கள் மூவாயிரவரின் சம்மதம் வேண்டும் என்றார்களாம். மூவாயிரம் பேரையும் ஓரிடத்தில் கூட்டவே முடியவில்லை. வைவாவுக்குத் தேதி வாங்க அலைந்த யாருக்கும் இது கட்டுக்கதையாகத் தோன்றாது.

இவை புராணக் கதைகள் என்று தள்ளிவிடலாம். பவணந்தியாரைத் தள்ள முடியாது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதியவர், ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன சொல்லியாக வேண்டும் என்று எண்ணிவைத்தார். ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, பேசுபொருள், பயன், இப்படி எட்டு. அந்த எட்டில் ஒன்று ‘கேட்போர்’. இன்னார் கேட்பதற்காக இந்த நூல் என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். காலமும் காரணமும் போல, நூல் அரங்கேறிய களத்தையும் சேர்த்துக்கொள்வார் உண்டு. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் அவர் பட்டியல் போட்டிருக்கிறார். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல்... இன்றைக்கு வருகிற தேர்வாளர் அறிக்கைகளில் பாதி இந்த மூன்றுக்குள் அடங்கும்.

ஐரோப்பாவிலும் பேச்சுத்தான் முந்தியது. இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்டம் என்பது பாடம் சொல்லிக்கொடுக்க உரிமம். அதை வாங்க, சபை நடுவே நின்று எதிர்வாதிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாதத்துக்கான கருத்துகளை அச்சடித்துக் கொடுத்த தாள்கள்தான் மெல்ல மெல்லப் பருத்து ஆய்வேடு ஆயின. அதையும் மாணவரே எழுத வேண்டும் என்று அப்போது கட்டாயமில்லை. ஸ்வீடனில் தாவரவியலாளர் லின்னேயஸ் தலைமையில் 186 ஆய்வுரைகள் அரங்கேறின. பெரும்பாலும் எழுத்து அவருடையது, நின்று பதில் சொல்வது மாணவர் வேலை. நம் ஊரில் இதைப் பற்றிக் கிசுகிசுப்பார்கள், அவர்கள் அச்சிட்டே விற்றார்கள்! ஸ்வீடனில் இன்றும் சபையில் கேள்வி கேட்கிறவருக்குப் பெயர் எதிர்வாதிதான். நெதர்லாந்தில் நேரம் முடிந்ததும் கோல் பிடித்த சேவகர் உள்ளே வந்து, மணி ஆயிற்று என்று லத்தீனில் அறிவிப்பார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிடலாம்.

எழுதிய ஏட்டில் புதிதாக ஏதாவது கண்டுபிடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கெட்டிப்பட்டது. இங்கிலாந்து வெகு தாமதம். ஆக்ஸ்ஃபோர்டு 1917இலும் கேம்பிரிட்ஜ் 1919இலும்தான் அந்த ஆய்வுப் பட்டத்தை ஏற்றன. அந்தக் கேம்பிரிட்ஜில் 1933இல் நம் வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர்கள் ஃபௌலரும் எடிங்டனும். சந்திரா முறைப்படி உடுத்திக்கொண்டு போய் நின்றார், எடிங்டன் வீட்டுச் செருப்போடு வந்தார். ஒருவர் கேட்பார், சந்திரா பதில் சொல்வார், அது தப்பு என்பார் மற்றவர். அப்புறம் இருவரும் தங்களுக்குள்ளே மோதிக்கொள்வார்கள். கடைசியில் ஃபௌலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். தேறினோமா இல்லையா என்றே தெரியாமல் வெளியே வந்தார் சந்திரா.

தமிழாய்வுக்கு வந்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதல் முனைவர் மு.வ., 1948இல். சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றிய அந்த ஆய்வு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். தாம்சன் கிரேக்க அறிஞர். அந்த ஆய்விலிருந்து 1968இல் வந்த ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ நூலில் புறநானூற்றுப் பாணன் ஹோமரின் பாணர்களோடு தோளுரசி நடக்கிறான். ஹோமரை அறிந்து, தமிழ் அறியாத ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்ததும் அந்த நூலின் வடிவத்துக்கு ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. குறையாகச் சொல்லவில்லை. தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் எழுதியிருந்தால், வாய்மொழிப் பாடல் மரபு என்றால் என்ன என்பதை அவ்வளவு அடியிலிருந்து விளக்கியிருக்க மாட்டார்.

ஆனாலும் கேட்போரை மனதில் வைத்து எழுதுவதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எங்கள் மலையில்தான் இருக்கிறது, அது ஆய்வேடும் இல்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் அமைந்தது. 1907இல் அங்கே வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், இங்கிலாந்தில் ரசாயனப் பகுப்பாய்வு வேலை பார்த்துக்கொண்டே சொந்தக் கருவிகளால் சூரியனைப் பார்த்துவந்தவர். 1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஹேல், சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டார். அங்கே வாயு சுழல்கிறது என்றுதான் எல்லோருக்கும் எண்ணம். எவர்ஷெட்டும் சுழற்சியைத்தான் தேடினார். 1909 ஜனவரி 5 அன்று நல்ல நிறமாலைப் படங்கள் கிடைத்தன. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளிக்கோடு ஊதாப் பக்கம் நகரும், விலகிப் போவது சிவப்புப் பக்கம் நகரும். சுழற்சி என்றால் எந்தத் திசையில் கோடு நகர வேண்டுமோ அந்தத் திசையில் நகரவில்லை. ஒளி நுழையும் கருவியின் பிளவைத் திருப்பி, சூரியனின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிய திசையில் புள்ளியின் குறுக்கே வைத்தால் கோடு சாய்கிறது. அதற்குச் செங்குத்தாக வைத்தால் சாய்வே இல்லை. வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளியே ஓடுகிறது, வினாடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வேகத்தில்.

இதை ஆய்வகத்தின் 15ஆம் அறிக்கையில் எழுதினார். படிக்கப் போகிறவர்கள் சுழற்சியை நம்பிக்கொண்டு கடல்களுக்கு அப்பால் இருக்கிறவர்கள், பெயர் பெற்றவர்கள். மலை உச்சியில் இருக்கிற ஒருவர் அவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஹேலைப் புகழ்ந்து நாலு மேற்கோள் போட்டு ஆகிற காரியமா? பிளவை இப்படி வைத்தால் இது, அப்படி வைத்தால் அது, சூரியனின் நடுவில் இருக்கும் புள்ளியில் நகர்வே இல்லை என்று, சந்தேகப்படுகிறவர் அடுத்து எதைக் கேட்பாரோ அதற்கெல்லாம் பிடி கொடுக்கிற சான்றுகள் அவர் கையில் இருந்தன. சில ஆண்டுகளில் மவுண்ட் வில்சனிலேயே செயின்ட் ஜான் அளந்து பார்த்து உறுதிசெய்தார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் அதற்குப் பெயர்.

இந்தக் கதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவள் இரண்டு டீ குடித்திருந்தாள். “அப்போ எக்ஸ்டெர்னல் பேரு கடைசி வரைக்கும் சொல்லமாட்டீங்க?” என்றாள்.

எனக்கே தெரியாது. 2022இன் யு.ஜி.சி. விதிப்படி நெறியாளர் தவிர வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் அதில் ஒருவர் வெளிநாட்டவர். பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும், நானே பல ஏடுகளுக்கு அந்த ஆளாக இருந்திருக்கிறேன். கனமான ஒரு பொதி கூரியரில் வரும், வீட்டில் விடைத்தாள் கட்டு ஏற்கெனவே காத்திருக்கும். முதலில் பொருளடக்கம். அடுத்து நேரே கடைசிக்குப் போய் துணைநூற் பட்டியல். ஆமாம், நம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம், பொய் சொல்வானேன். பிறகு முடிவுரை, அதன் பிறகுதான் முதல் இயல். பஸ்ஸில் படித்துவிடலாம் என்று ஒருமுறை எடுத்துப் போனேன். வத்தலக்குண்டு இறங்குவதற்குள் மலை வளைவுகளில் தலை சுற்றி, இரண்டாம் இயல் எழுதியவர்மேல் காரணமில்லாத கோபம் வந்துவிட்டது.

அவள் அந்த வரியை அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள். அறுவடையான பூண்டைத் தாளோடு முடிந்து, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவதுதான் மேலே கட்டுவது. அடுத்த நடவுக்கான விதை இப்படித்தான் காக்கப்படுகிறது. முடிவது யார், ஏணியில் ஏறுவது யார், புகை அணையாமல் பார்த்துக்கொள்வது யார் என்று எழுதப்போனதும் பேனா நின்றது. “மேம், இதெல்லாம் பொம்பளைங்கதான் செய்றாங்க. அப்போ வேலை குறையுதுன்னு எழுதினது தப்பு.” ஒரு வரியாக இருந்தது ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. இயலின் தலைப்பும் மாறியது.

வைவா ஒரு மழை நாளில் நடந்தது. வந்தவர் ஆந்திரப் பக்கத்துப் பேராசிரியர். அந்த ஒன்றரைப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். புகை மூட்டுவதற்குக் கூலிக் கணக்கு உண்டா என்று கேட்டார். இல்லை சார், அதை வேலைன்னு யாரும் எண்ணுறதில்லை என்றாள். குறித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து கைகுலுக்கி, சால்வை போட்டு, படம் பிடித்த பிறகு, ஏட்டில் இல்லாத ஒரு கேள்வி கேட்டார்: “வீட்டுக்குக் கொண்டுபோக நல்ல பூண்டு எங்கே வாங்கலாம்மா?”

“கடையில வேணாம் சார்,” என்றாள் டாக்டரம்மா. “நாளைக்கு சந்தை. நானே வாங்கித் தர்றேன்.”