ஒப்பரேஷனுக்குப் பிறகு தாய்க்கு யார் சொல்லிக்கொடுப்பது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள் உயர்தரத்துக்கு என்ன பாடம் எடுப்பது என்று யோசிக்கிற வீடுகளில் இதை முழுவதும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் பகுதியில் ஒரு குழந்தைக்குப் பெரிய ஒப்பரேஷன் என்றால் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ, கொழும்பு லேடி ரிட்ஜ்வேக்கோ போக வேண்டிவரும். சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தன் வேலையை முடித்துவிடுவார். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்கள் தாதியின் கையில். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு தாயின் கையில். அந்தத் தாதிக்கும் தாய்க்கும் சொல்லிக்கொடுக்கவென்றே ஒரு தாதி வேண்டும். வெளிநாடுகளில் சிறுவர் சத்திரசிகிச்சைப் பிரிவுகளில் இது தனிப் பதவி. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நம் மார்க்க வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். அஸ்லம் கோத்திரத்து ருபைதா (ரழி) அவர்களின் கூடாரம் மதீனாவில் பள்ளிவாசலிலேயே இருந்தது. ஹிஜ்ரி 5இல், அதாவது 627இல், அகழ் யுத்தத்தில் அம்பு பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களை அந்தக் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. ருபைதா மற்றப் பெண்களுக்கும் இந்த வேலையைப் பழக்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. காயத்துக்கு மருந்து கட்டியதோடு, கட்டக் கற்றும் கொடுத்தார்.

குழந்தைகளுக்கென்று தனி வைத்தியசாலை வந்தது மிகவும் பிந்தித்தான். லண்டனில் சார்ல்ஸ் வெஸ்ட் என்ற வைத்தியர் 1852இல் கிரேட் ஓர்மண்ட் வீதியில் 10 கட்டில்களோடு ஒன்றைத் திறந்தார். இரண்டு வருடம் கழித்து, நோயுற்ற குழந்தைகளைப் பராமரிப்பது பற்றித் தாதியருக்காக ஒரு சிறு நூலும் எழுதினார். அதே வைத்தியசாலையில் தாதியர் தலைவியாக இருந்த கத்தரின் வூட், குழந்தைகளைப் பார்க்கிற தாதிக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று 1888இல் வாதாடினார். குழந்தை என்பது சிறிய பெரியவர் அல்ல. மருந்தின் அளவை நிறை பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எங்கே வலிக்கிறது என்று குழந்தை சொல்லாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். ஜேம்ஸ் நிக்கொல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பத்து வருடங்களில் தான் செய்த 8,988 ஒப்பரேஷன்களின் கணக்கை 1909இல் வெளியிட்டார். பிளவுபட்ட உதடு, குடலிறக்கம், வளைந்த பாதம் என்று பலவகை. அத்தனை குழந்தைகளையும் அன்றே வீட்டுக்கு அனுப்பினார். பால்குடிக் குழந்தையைத் தாயை விட யாரும் நன்றாகப் பார்க்க முடியாது என்பது அவர் எண்ணம். பின்னால் தாதியர் வீடு வீடாகப் போய்க் காயத்தைப் பார்த்தார்கள். குழந்தையை வெறுமனே அனுப்பிவிடாமல், தாதியையும் வீட்டுக்கு அனுப்பியதால்தான் அவருடைய முறை வேலைசெய்தது.

ஆனால் பெரும்பாலான வைத்தியசாலைகள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தாய்மாரை வார்டுக்கு வெளியே நிறுத்தின. வாரத்தில் ஒரு நாள் மட்டும் பார்க்கலாம் என்ற சட்டம்கூட இருந்தது. 1952இல் ஜேம்ஸ் ரொபர்ட்சன் என்பவர், சிறிய ஒப்பரேஷனுக்காக எட்டு நாள் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டினார். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு பலருக்கு மனம் மாறியது. 1959இல் பிரித்தானியாவின் பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்த நேரமும் வரலாம், சிறு குழந்தையோடு தாய் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. தாய் உள்ளே வந்ததும் தாதியின் வேலையும் மாறியது. குழந்தையைப் பார்ப்பதோடு, தாய்க்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள் பொறுப்பானது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் துல்சா நகரில், தீக்காயப் பிள்ளைகளிடம் வலியின் அளவை எண்ணில் சொல்லச் சொன்னால் அவர்களுக்குப் புரியவில்லை. டொனா வோங் என்ற தாதியும் கொனி பேக்கர் என்பவரும் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை ஆறு முகங்களை வரைந்து, எந்த முகம் உன் முகம் என்று கேட்டார்கள். டொனா வோங் தாதியருக்குப் பாடநூல் எழுதியவர். அந்த முகங்கள் இன்று உலகம் முழுவதும் வார்டுச் சுவர்களில் இருக்கின்றன.

படத்துக்கு மொழி வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டும்.

ஒரே உதாரணம் சொல்கிறேன். மயக்கமருந்துக்கு முன் குழந்தையின் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகச் சாப்பாட்டுக்கும் பசும்பாலுக்கும் மாப்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். இல்லாவிட்டால் மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம், உயிருக்கே ஆபத்து. காரணத்தைத் தாயின் மொழியில் சொன்னால் அவள் கல்லாக நிற்பாள். "சாப்பாடு கொடுக்காதே" என்பது மட்டும் அரைகுறையாகப் புரிந்தால், அழுகிற பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவாள். ஒப்பரேஷன் தள்ளிப்போகும். மறுபடியும் ரயில், மறுபடியும் பேர் இல்லாத நாட்கள். உடைந்த தமிழில் அன்பாகப் பேசுகிற சிங்கள மிஸ்மார் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நன்மை செய்யட்டும். ஆனால் காயத்தைச் சுத்தம் செய்வதையும், வயிற்றில் ஒட்டிய பையை மாற்றுவதையும், எந்த அறிகுறி கண்டால் திரும்பி ஓடிவர வேண்டும் என்பதையும் உடைந்த மொழியில் கற்றுக்கொடுக்க முடியாது.

தமிழில் முடியுமா என்று யாரும் கேட்க வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், 1860களில் மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். சத்திரசிகிச்சை நூலொன்று 'இரணவைத்தியம்' என்ற பெயரில் 1867இல் தமிழில் அச்சானது.

பிறகு ஏன் மலையகத்தில் இருந்து தாதியர் இவ்வளவு குறைவாக வந்தார்கள்? 1872இலேயே தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று சட்டம் வந்தது. ஆனால் நம் மக்கள் அதில் நோயாளிகள் மட்டும்தான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பிரஜை இல்லாதவருக்கு அரசாங்கத் தாதி வேலை இல்லை. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் மனுப் போட வேண்டியவர்களில் இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் இருந்தார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. நாடற்றவர் பிரச்சினை சட்டத்தில் தீர 2003 வரை போனது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். நம் பிள்ளைகளுக்குத் திறமை குறைவு என்று யாராவது சொன்னால் இந்த வருடங்களை எடுத்துக் காட்டுங்கள்.

இன்று அந்தச் சட்டத் தடை இல்லை. ஆனால் இன்னொரு தடை இருக்கிறது. அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் அல்லது கணிதப் பிரிவில் சித்தி கேட்கிறார்கள். கலைப்பிரிவுதான் பக்கத்தில் இருக்கிறது, அதுவே போதும் என்று நாம் முடிவெடுத்தால், 16 வயதிலேயே அந்தக் கதவை நம் கையால் மூடிவிடுகிறோம்.

ஆகவே பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் மகளோ மகனோ விஞ்ஞானப் பிரிவுக்கு அனுப்புங்கள், தூரமாக இருந்தாலும். "நேர்ஸ் வேலையா, இரவு ட்யூட்டி" என்று தட்டிக்கழிக்க வேண்டாம். ருபைதா அவர்களின் கூடாரம் பள்ளிவாசலில்தான் இருந்தது. பள்ளி நிர்வாகம், கோயில் சபை, பழைய மாணவர் சங்கம் எதுவானாலும் ஒரு பிள்ளையின் விஞ்ஞான வகுப்புச் செலவையோ போடிங் செலவையோ ஏற்றால் பெரிய உதவி.

ஏற்கெனவே தாதியராக இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் இதை வாசித்தால், உங்கள் பாதையைப் பற்றிக் கீழே எழுதுங்கள். அதைப் பார்த்து வேறொரு பிள்ளை துணிவாள், இன்ஷா அல்லாஹ்.