டீத்தளத்தில் பந்து வைக்கும் இடம்

கோல்ஃப் ஆட்டத்தில் ஒவ்வொரு குழிக்கும் உரிய முதல் அடியை அடிப்பதற்கென ஒதுக்கப்பட்ட தரைப்பகுதி டீத்தளம் எனப்படும். பந்தை இடப்பக்கமோ வலப்பக்கமோ வேண்டுமென்றே வளைத்தடிக்கும் ஆட்டக்காரர், அத்தளத்தின் எந்த ஓரத்தில் டீ என்னும் சிறு முளையை ஊன்றிப் பந்தை வைக்கிறார் என்பது அந்த அடியின் போக்கைப் பாதிக்கும் முதல் முடிவாகும். புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்ப்புறங்களில் சிறுவர் ஆடிவந்த கிட்டிப்புள்ளில், தரையில் கீறிய குழி எங்கிருக்கிறதோ அங்கிருந்தே புள்ளைக் கெந்த வேண்டும், இடத்தை மாற்ற இயலாது; கோல்ஃபிலோ பந்து கிடக்கும் இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்னும் பொதுவிதி தளர்ந்து, இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெரும்பாலும் முதல் அடிக்கே வழங்கப்படுகிறது.

அந்த உரிமைக்கு அளவு உண்டு. தளத்தில் நடப்பட்ட இரண்டு எல்லைக்குறிகளின் முன்விளிம்புகளை இணைக்கும் கோடு முன்னெல்லை. அவற்றின் வெளிவிளிம்புகள் பக்க எல்லைகள். பின்னோக்கி இரண்டு மட்டைநீளம், அதாவது ஆட்டக்காரரிடம் உள்ள மிக நீண்ட மட்டையைக் கொண்டு அளந்தால் பெரும்பாலும் 2.3 மீட்டர் அளவு ஆழம். பந்து இச்செவ்வகத்துக்குள் இருந்தால் போதும், கால்கள் வெளியே இருக்கலாம் என்பதால், ஓரத்துக் குறியை ஒட்டிப் பந்தை வைத்துவிட்டு அதற்கு அப்பால் நின்று அடிப்பதற்குத் தடையில்லை. செவ்வகத்துக்கு வெளியே பந்தை வைத்து அடித்தால், மொத்த அடிகளை எண்ணும் ஆட்டமுறையில் இரண்டு அடி தண்டனையும், மீண்டும் உள்ளிருந்து அடிக்க வேண்டிய கட்டாயமும் நேரும்.

இத்தளம் தொடக்கத்தில் தனியாக இருந்ததில்லை. எடின்பரோவை அடுத்த லீத்தில் 1744ஆம் ஆண்டு எழுதப்பட்ட விதிகளில் முதலாவது, முந்தைய குழியிலிருந்து ஒரு மட்டைநீளத்துக்குள் பந்தை வைக்க வேண்டும் என்றே கூறியது. பந்தை உயர்த்தி வைக்க ஈரமணலைக் கிள்ளிச் சிறு மேடாகப் பிடித்துவந்த வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. பாஸ்டன் நகரப் பல் மருத்துவரான ஜார்ஜ் கிராண்ட் 1899இல் மரமுளை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார் எனினும், அவ்வகை முளைகள் பரவலாகப் புழங்கியது 1920களிலிருந்தே.

இடத்தேர்வின் பயனை அறிய, பந்து வளையும் முறையை அறிதல் வேண்டும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்புறம் கிளம்பி வலப்புறம் மெல்லத் திரும்புவது ஃபேட். வலப்புறம் கிளம்பி இடப்புறம் திரும்புவது டிரா. இவை கட்டுமீறினால் முறையே ஸ்லைஸ், ஹூக் எனப்படும். பந்து எத்திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் மட்டைமுகம் பார்க்கும் திசையும், பின்னர் எப்பக்கம் வளையும் என்பதை மட்டை வீசப்படும் பாதைக்கும் முகத்துக்கும் இடையேயான கோணமும் தீர்மானிக்கின்றன. அக்கோணத்தால் பந்தின் சுழல் அச்சு சாய, காற்று அதனைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சுழலும் கோல்ஃப் பந்தின் பறப்பை 1890களில் கணிதமுறையில் ஆராய்ந்தவர், ஸ்காட்லாந்து இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெய்ட்.

ஃபேட் அடிப்பவர் தளத்தின் வலவோரத்திலும் டிரா அடிப்பவர் இடவோரத்திலும் பந்தை வைப்பது பொதுமரபு. ஃபேர்வே எனப்படும் வெட்டிய புல்வெளி 30 மீட்டர் அகலமுடையதாயின், வலவோரத்தில் நிற்பவர் அதன் இடவிளிம்பைக் குறிவைத்துக் குறுக்கே அடிக்கிறார். பந்து வளையாவிட்டாலும் இடவிளிம்பில் நிற்கும், எதிர்பார்த்த அளவு வளைந்தால் நடுவில் விழும், இருமடங்கு வளைந்தாலும் வலவிளிம்பைத் தாண்டாது.

எனினும் இம்மரபின் பயன் எங்கே மிகுதி என்பதை நூல்கள் பலவும் தெளிவுபடுத்துவதில்லை. 200 மீட்டர் தொலைவிலுள்ள ஒரே குறியை நோக்கி, பந்தை 5 மீட்டர் வலப்புறம் தள்ளி வைத்தால், அடிக்கும் கோடு திரும்புவது சுமார் 1.4 பாகை மட்டுமே. ஆனால் தளத்துக்கு 30 மீட்டர் முன்னால் இடப்பக்கம் கிளைநீட்டி நிற்கும் மரத்தருகே, அதே கோடு முன்னைவிட 4.25 மீட்டர் விலகிச் செல்கிறது. 150 மீட்டரில் உள்ள மணற்குழியருகேயோ விலகல் 1.25 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே, தளத்தை நெருங்கியிருக்கும் தடைகளுக்கே இடத்தேர்வு பெருந்துணை. மரங்களுக்கிடையே ஒடுங்கிய வழியில் அடிக்க வேண்டியிருக்கும் அகஸ்டா நேஷனல் களத்தின் 18ஆம் குழி போன்ற இடங்களில் ஓரிரு அடித்தூரமும் பொருட்படுத்தத்தக்கது.

தொலைவிலுள்ள ஆபத்துகளைப் பொறுத்தவரை பயன் கண்ணுக்கும் மனத்துக்குமே உரியது. ஆபத்து உள்ள பக்கத்திலேயே நின்று அதைவிட்டு விலகி அடிக்க வேண்டும் என்னும் அறிவுரை, திறந்தவெளி கண்முன் அகலமாகத் தோன்றுவதால் பலன் தருகிறது. வலவோரத்தில் நின்றாலே ஸ்லைஸ் குறைந்துவிடும் என்னும் நம்பிக்கை மட்டும் முற்றிலும் தவறு. சுழலை உண்டாக்குவது மட்டையே, தரை அன்று. மேலும், எல்லைக்குறிகள் ஃபேர்வேயின் நடுவை நோக்கியே நடப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கால்விரல்களை அக்குறிகளுக்கு இணையாக வைத்துக்கொண்டு கையால் மட்டும் திசை திருப்ப முயல்வது, இடத்தேர்வின் பயன் முழுவதையும் கெடுக்கும் பொதுவான பிழை.

தமிழ்நாட்டுக் களங்களில் காற்றும் உயரமும் இத்தேர்வில் குறுக்கிடுகின்றன. 1884இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் களம் கிண்டிக் குதிரைப்பந்தய ஓடுபாதைக்கு உள்ளே அமைந்தது. கோடைப்பிற்பகலில் அங்குக் கடற்காற்று வீசும். அக்காற்று வலமிருந்து இடமாகக் குறுக்கிட்டால் ஃபேட் பந்து அதனோடு மோதி ஏறத்தாழ நேராகச் சென்று முன்னதாகவே விழும் என்பதால், வலவோரத்திலிருந்து குறுக்கே அடிக்கும் தேவை குறைந்து நடுப்பகுதியே ஏற்றதாகிறது. டிரா பந்தோ காற்றோடு சேர்ந்து கூடுதலாக இடப்புறம் ஓடும்.

உதகமண்டலத்தில் வென்லாக் டவுன்ஸ் புல்மேடுகளில் அமைந்த ஜிம்கானா கிளப் களத்தில் நிலைமை வேறு. 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாதலால், ஒரே சுழலுடைய பந்து கிண்டியில் வளைவதைவிட அங்குக் குறைவாக வளையும். சென்னைக்காரர் தம் வழக்கமான ஃபேடை நம்பி இடவிளிம்பைக் குறிவைத்தால் பந்து எதிர்பார்த்த அளவு திரும்பாமல் நின்றுவிடக்கூடும். 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் களமும் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால் இது அதற்கும் பொருந்தும்.

தளத்தின் மேற்பரப்பும் கவனத்துக்குரியது. சமமாகத் தோன்றும் தளங்களிலும் ஓரங்கள் சரிந்திருப்பதுண்டு. பாதமட்டத்தைவிடப் பந்து உயர்ந்திருந்தால் வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்புறம் வளைய முற்படும், தாழ்ந்திருந்தால் வலப்புறம். டிரா அடிப்பவர் பந்து உயர்ந்திருக்கும் சரிவை நாடிச்செல்லலாம், ஃபேட் அடிப்பவர் அதைத் தவிர்க்க வேண்டும். முன்வரிசைப் புல் மட்டைபட்டுப் பெயர்ந்திருக்கும்போது, அனுமதிக்கப்பட்ட ஆழத்தில் ஓரடி பின்வாங்கினால் உறுதியாகக் கால்பதிக்க இடம் கிடைக்கும். இடக்கை ஆட்டக்காரருக்கு மேற்கூறிய பக்கங்கள் அனைத்தும் தலைகீழாகும்.

அடிப்பதற்கு முன் பந்து முளையிலிருந்து உருண்டு விழுந்தால் தண்டனையின்றி மீண்டும் வைக்கலாம், வேறு இடத்திலும் வைக்கலாம். மட்டையை வீசியும் பந்தில் படாமல் போனால் அது ஓர் அடியாகக் கணக்கிடப்படும் என்றாலும், பந்து டீத்தளத்துக்குள்ளேயே இருக்குமாயின், 2019இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஆட்டக்காரர் அதை எடுத்துத் தளத்தின் எந்தப் பக்கத்திலும் மீண்டும் முளையில் வைத்து ஆடலாம்.