பின்னலே பெயரான கதை: இலச்சினையில்லா ஆடம்பரப் பைகளின் ஈர்ப்பு

இலச்சினை வெளியே தெரியாத விலையுயர்ந்த கைப்பையை விரும்புவோரை அடக்கமான ரசனை உடையவர்கள் என்று புகழ்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் புகழ்ச்சி பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அத்தகைய பை பகட்டைக் கைவிடுவதில்லை. அதைக் கண்டறியும் வாய்ப்பைச் சிலருக்கு மட்டும் ஒதுக்கிவைக்கிறது. இத்தாலிய நிறுவனமான பொத்தேகா வெனெதாவின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

1966இல் விச்சென்சாவில் தொடங்கிய இந்நிறுவனம், வாங்குபவரின் சொந்தப் பெயரெழுத்துகளே போதும் என்ற கருத்தை முன்வைத்து 1970களில் விளம்பரம் செய்தது. பையின் வெளிப்புறத்தில் பெயர் கிடையாது. அந்த இடத்தை நிரப்பியது ‘இன்ட்ரெச்சாத்தோ’ என்னும் தோல் பின்னல். மெல்லிய தோலை ஒடுங்கிய வார்களாக வெட்டி, மேலும் கீழுமாக மாற்றிக் கோத்து, பையின் விளிம்புக்குச் சாய்வாக ஓடவிடுகிறார்கள். தனித்திருந்தால் எளிதில் இழுபட்டு உருக்குலையக்கூடிய தோல், பின்னலில் சேர்ந்ததும் வலுப்பெறுகிறது, மென்மையும் கெடுவதில்லை. தோமாஸ் மையர் படைப்பு இயக்குநராக இருந்த காலத்தில் வந்த ‘கபாத்’ பையில் உள்துணிகூட இல்லை. உள்ளே திருப்பிப் பார்த்தாலும் அதே பின்னல்தான். ஒரு வார் பிசகினாலும் மறைக்க இடமில்லை. இவ்வளவு நேர்த்தியை வெறும் அந்தஸ்துக் குறி என்று ஒதுக்குவது, செய்தவர்களின் உழைப்புக்கு இழைக்கும் அநீதி.

ஆனால் கைத்திறனை மட்டும் காரணம் காட்டினால் பாதிதான் விளங்கும். கையால் செய்த வெள்ளிக் கரண்டியில் நாம் காணும் அழகில் பெரும்பங்கு அதன் விலையுணர்வே என்று பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லென் 1899இலேயே வாதிட்டார். 2010இல் வெளியான இரு ஆய்வுகள் அதற்கு மேலும் ஒரு படி சென்றன. ஹான், நூனஸ், ட்ரேஸ் ஆகியோர், ஒரே நிறுவனத்தின் பைகளுக்குள்ளேயே இலச்சினை அடங்க அடங்க விலை ஏறுவதைக் கண்டனர். அடங்கிய குறியை வெளியாட்கள் மலிவான பொருளாகத் தவறாகக் கணிக்கலாம் என்றும், துறையறிந்தவர்கள் அதையே நாடுகிறார்கள் என்றும் பெர்கரும் வார்டும் காட்டினர். தவறாகக் கணிக்கப்படுவதையும் ஏற்று ஒருவர் அதற்கு அதிக விலை தருகிறார் என்றால், அவர் எல்லோருடைய பார்வையையும் நாடவில்லை. தெரிந்தவர்களின் பார்வை அவருக்குப் போதும்.

தெரிந்தவர்கள் பெருகினால் என்ன ஆகும் என்பதே இந்த ஆய்வுகளுக்கு அப்பால் எஞ்சும் கேள்வி. இங்கே சட்ட ஆவணம் ஒன்று துணைக்கு வருகிறது. பொத்தேகா வெனெதா தன் பின்னலையே வணிகக்குறியாகப் பதிய அமெரிக்காவில் விண்ணப்பித்தது. அது வெறும் அலங்காரம் என்று ஆய்வு அலுவலர் மறுத்தார். 2013இல் மேல்முறையீட்டு வாரியம் அம்மறுப்பை நீக்கியது: 8 முதல் 12 மில்லிமீட்டர் அகல வார்கள், 45 பாகைச் சாய்வு என்ற வரையறைக்குள் அப்பின்னல் நிறுவனத்தை அடையாளம் காட்டுகிறது என்று ஏற்றது. பெயரைத் தவிர்த்த நிறுவனம், பெயரின் வேலையைப் பின்னல் செய்கிறது என்று தானே நிறுவ வேண்டியிருந்தது.

2018இல் அந்நிறுவனத்தின் படைப்பு இயக்குநராகப் பொறுப்பேற்ற டேனியல் லீ ‘கசெட்’ பையில் பின்னலைப் பன்மடங்கு பெரிதாக்கினார். சாலைக்கு அப்பால் நிற்பவருக்கும் அது எந்த நிறுவனத்துப் பை என்று தெரியும். பையின்மேல் ஓர் எழுத்தும் புதிதாக ஏறவில்லை. ஆகவே அடங்கிய குறி, உரத்த குறி என்ற பிரிவைப் பொருளின் நிலையான இயல்பாகக் கொள்ள முடியாது. அதைக் காணும் கண்கள் எத்தனை, அவை எங்கே பழகின என்பதைப் பொறுத்து அது பத்தாண்டுகளுக்குள்கூட இடம் மாறுகிறது.