மண்ணைக் காத்தவருக்கு மானியம்: சுங்கை பூலோ கற்றுத் தந்த பாடம்



நிலத்தின் வளம் கெடாமல் பயிர் செய்யும் விவசாயிக்கு அரசாங்கமே பணம் கொடுக்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் இருக்கிறது. இது எங்கோ வெளிநாட்டில் நடக்கும் சங்கதி, தோட்டத்து மக்களாகிய நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. பால்மரக் காட்டில் நம் பாட்டன் பாட்டிமார் செய்த வேலையோடு பின்னிக் கிடக்கும் வரலாறு இது. அதில் ஒரு முக்கியமான பகுதி நம் சுங்கை பூலோவில் நடந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பர்த் தோட்டம் என்றால் வாசல் கூட்டியது போலத் துப்புரவாக இருக்க வேண்டும் என்று துரைமார் நினைத்தார்கள். புல் பூண்டு மரத்தின் உணவைத் தின்றுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே ஒரு புல்லும் தலைகாட்டாதபடி நிரை நிரையாகக் கொத்திச் சுத்தம் செய்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் மிகுதியானோர் நம் பெண்கள்.

சிலாங்கூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 அங்குல மழை பெய்கிறது. மூடியிருக்கும் புல்லைச் சுரண்டிய மேட்டு நிலத்தில் அந்த மழை விழுந்தால் என்ன ஆகும்? மேல்மண் கரைந்து ஓடையில் போய்ச் சேர்ந்தது. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த சேற்றோடு தோட்டத்து மண்ணும் சேர்ந்து ஆறுகளை மேடாக்கியது. வேடிக்கை என்னவென்றால், பக்கத்துக் கம்பத்தில் மலாய்ச் சிறு தோட்டக்காரர் புல்லும் செடியுமாக விட்டிருந்த நிலத்தில் மண் அவ்வளவாகக் கரையவில்லை. அவரையோ சோம்பேறி என்று ஏசினார்கள்!

1925ஆம் ஆண்டில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. அதன் பெரிய சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் உருவாயிற்று. கழகத்தின் மண் ஆய்வாளர் ஹெயின்ஸ், தோட்டத்தில் தானாக முளைக்கும் செடி கொடிகள் எல்லாமே பகையல்ல, அவற்றை அளவோடு விட்டு வைத்தால் மண்ணுக்கு நன்மை என்று 1934ஆம் ஆண்டிலேயே எழுதினார். லாலான் போன்ற கெட்ட புல்லை மட்டும் ஒழித்தால் போதும் என்ற கருத்து மெல்ல மெல்லப் பரவிற்று.

அதோடு மூடு பயிர்க் கொடிகளும் தோட்டங்களில் பரவின. புவரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் என்று அவற்றுக்குப் பெயர். எல்லாம் அவரை, பயறு இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும். இலைகள் உதிர்ந்து மக்கி மண்ணோடு சேரும். கொடி தரையைப் போர்வை போல் மூடுவதால் மழைத்துளி நேரே மண்ணைத் தாக்காது. தமிழ்நாட்டில் நம் முன்னோர் வயலில் கொழுஞ்சியையும் சணப்பையையும் மிதித்து உழுதார்கள் அல்லவா? அதே அறிவுதான் இது.

இனி, பணத்தின் கதைக்கு வருவோம். 1950களின் தொடக்கத்தில் நாட்டின் பால்மரங்களில் பெரும் பகுதி கிழடு தட்டிப் போயிருந்தது. செயற்கை ரப்பரும் போட்டிக்கு வந்துவிட்டது. பழைய மரத்தை வெட்டிப் புது ஒட்டுக்கன்று நட்டால்தான் பிழைக்கலாம். ஆனால் கன்று பால் தர ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகுமே! அதுவரை சிறு தோட்டக்காரர் என்ன செய்வார்?

இதற்காக 1952ஆம் ஆண்டில் மறுநடவு நிதிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பரில் ராத்தலுக்கு 4½ காசு வரியாகப் பிடித்து, மறுநடவு செய்பவருக்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிறு தோட்டக்காரருக்குத் தொடக்கத்தில் ஏக்கருக்கு 400 வெள்ளி. பின்னர் அது படிப்படியாக உயர்ந்து 1960களில் 750 வெள்ளி ஆயிற்று. மொத்தமாகக் கொடுக்கவில்லை. நிலத்தை வந்து பார்த்து, வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று சோதித்துத் தவணை தவணையாகக் கொடுத்தார்கள். இப்பணியை 1973 முதல் ரிஸ்டா ஏற்றுக்கொண்டது.

இந்த நிதியின் முதல் நோக்கம் மண்ணைக் காப்பதன்று, விளைச்சலைப் பெருக்குவதே. ஆயினும் நல்ல மறுநடவு என்றால் சரிவில் படிவெட்டு, மழைநீர் தேங்கும் குழி, மூடு பயிர் எல்லாம் அதில் அடங்கும். நிலத்தை முறையாக நடத்தினால் பணம் என்ற கொள்கை அப்படித்தான் நம் நாட்டில் வேரூன்றியது.

அமெரிக்காவிலும் இதற்கு ஒத்த வரலாறு உண்டு. 1930களில் அங்கே புழுதிப் புயல்கள் விளைநிலத்தை வாரிக்கொண்டு போயின. மண்ணைக் காக்கும் பயறினப் பயிர்களை விதைக்கும் விவசாயிக்குப் பணம் தர 1936இல் சட்டம் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1933 முதல், பருத்தி நிலத்தைத் தரிசாக விட அரசு கொடுத்த பணத்தின் பெரும் பங்கு நிலச்சொந்தக்காரர் கைக்கே போயிற்று. வாரத்துக்கு உழுத ஏழைகள் பலர் நிலத்தைவிட்டே துரத்தப்பட்டார்கள். 1934இல் அவர்கள் ஆர்க்கன்சா மாநிலத்தில் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துப் போராடினார்கள்.

நம் நிலையும் ஏறக்குறைய அதுதான். படி வெட்டியது யார்? குழி தோண்டியது யார்? கொடி விதையைத் தூவி, லாலானைப் பிடுங்கியது யார்? நம் மக்களே. ஆனால் மானியம் நிலப்பட்டா வைத்திருப்பவருக்கு உரியது. தோட்டத்துப் பங்கு கம்பெனிக்குப் போயிற்று. நமக்குக் கிடைத்தது அன்றாடச் சம்பளம் மட்டுமே. மரத்தை வெட்டினால் வெட்டுக்காடு குறையும் என்ற கவலையும் கூடவே வந்தது.

இந்தக் குறையை உணர்ந்துதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலம். மாதம் பத்து வெள்ளி சேர்த்து நிலத்துக்குப் பங்காளியாகலாம் என்று அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று சொன்னார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் 1961இல் வாங்கப்பட்டது. உழைப்பவனே உடையவனும் ஆனால்தான் மண்ணைக் காத்த பயன் அவன் வீட்டுக்கு வரும் என்பதை அந்த முயற்சி காட்டியது.

சுங்கை பூலோவின் சோதனைத் தோட்டம் இன்று பழைய கோலத்தில் இல்லை. ஆராய்ச்சிக் கழகம் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. அந்த நிலத்தில் குவாசா டாமன்சாரா என்ற புதுநகர் எழுந்து வருகிறது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வழியே ரயிலும் ஓடத் தொடங்கியது. இயற்கையைக் காப்பவருக்குப் பணம் என்ற எண்ணமோ மேலும் வளர்ந்திருக்கிறது. காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்கென 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசு 6 கோடி ரிங்கிட் ஒதுக்கியது.

நேயர்களே, இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. இரண்டு ஏக்கர் நிலமாவது நம் பெயரில் இருந்தால், பட்டாவைப் பத்திரப்படுத்துவோம். மானியம் உண்டா, நிபந்தனை என்ன, எத்தனை தவணை என்று உரிய அலுவலகத்தில் கூச்சப்படாமல் கேட்போம். சரிவு நிலத்தை மொட்டையாக்காமல் கொடியால் மூடி வைப்போம். நிலம் இல்லாதவரோ, எந்தத் திட்டம் வந்தாலும் ‘உழைப்பவர் பங்கு எங்கே?’ என்று சங்கத்தின் வழியாகக் கேட்கப் பழக வேண்டும். கேட்காதவருக்குக் கிடைத்ததாக இந்த வரலாற்றில் எங்கும் இல்லை.